நரி வேஷம் போட்டவள் பொய் சொல்லலாமா?

2024 ஜனவரி 6, சனி, இரவு 9.40

மகளுக்குப் பத்து வயது. 'மிராக்குலஸ்' கார்ட்டூன் பார்க்கிறாள். பாரிஸில் நடக்கிற கதை, லேடிபக்கும் கேட் நுவாரும் வருவார்களே, அதுதான். கூட உட்கார்ந்து உட்கார்ந்து நானும் ஐந்து சீசனையும் பார்த்து முடித்துவிட்டேன். இன்று மதியம் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அம்மா, ரெனா ரூஜ் நல்லவதானே? அப்புறம் ஏன் அவளோட பவரே பொய்யா இருக்கு?"

பார்க்காதவர்களுக்கு: இந்தக் கதையில் ஒவ்வொரு மந்திர நகைக்கும் ஒரு விலங்கு உண்டு. நகையை அணிந்தால் அந்த விலங்கின் சக்தி வரும். ஆமைக்குக் காக்கும் கவசம், பூனைக்கு அழிக்கும் கை. நரிக்குக் கிடைத்தது மாயத்தோற்றம். நரிநகை அணிகிற ரெனா ரூஜ் புல்லாங்குழலை ஊதினால் இல்லாத ஒன்று இருப்பதுபோலத் தெரியும். யாராவது தொட்டால் கலைந்துவிடும்.

என் மகளின் கேள்வி நியாயமானது. சூப்பர் ஹீரோ என்றால் உண்மை பேச வேண்டும் என்றுதான் எல்லாக் கார்ட்டூனும் சொல்லிக்கொடுக்கிறது. நரி என்றால் ஏமாற்றும் என்று எல்லாப் பாட்டிகளும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பெண்ணுக்குள் வைத்தால் என்ன ஆகும்?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நரி பொய்க்காரி இல்லை. பொய் வேறு இடத்தில் இருக்கிறது.

ஜனவரி 6, இரவு 10.25

ஒன்றை விட்டுவிட்டேன். ரெனா ரூஜாக மாறும் ஆல்யா யார்? பத்திரிகையாளராக வேண்டும் என்று துடிக்கிற பெண். லேடிபக்கின் முகமூடிக்குப் பின்னால் யார் என்று கண்டுபிடிக்க 'லேடிபிளாக்' என்ற வலைப்பதிவு நடத்துகிறவள். உண்மையைத் தேடி ஓடுகிறவளின் கையில் மாயத்தோற்றத்தைக் கொடுத்திருக்கிறார்கள். யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும்.

ஜனவரி 7, ஞாயிறு, காலை

தூக்கம் வரவில்லை. முதல் சீசனில் வரும் 'வோல்பினா' கதையை எழுந்து மறுபடி பார்த்தேன்.

லைலா என்ற இத்தாலியப் பெண் பள்ளியில் புதிதாகச் சேர்கிறாள். வந்த உடனே கதைகளை அவிழ்த்துவிடுகிறாள். பெரிய மனிதர்கள் எல்லாரையும் தெரியும், லேடிபக் என் உயிர்த்தோழி. ஆல்யா அதை நம்பி, விசாரிக்காமல், பேட்டியாகவே போட்டுவிடுகிறாள். அப்புறம் லைலா வகுப்புப் பையன் ஆட்ரியனிடம் போய், தான் ஒரு நரி நாயகியின் வம்சம் என்கிறாள், கழுத்தில் ஒரு நரிவால் பதக்கத்தைக் காட்டி. அந்தப் பதக்கம் கடையில் வாங்கியது. பழைய புத்தகம் ஒன்றில் நரி நாயகியின் படத்தைப் பார்த்துவிட்டு வாங்கியிருக்கிறாள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு நரி சும்மா ஒரு மிருகம் இல்லை. பழைய பிரெஞ்சில் நரிக்குப் பெயர் 'கூபில்'. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ரெனார் என்ற ஏமாற்றுக்கார நரியின் கதைகள் ஊரெல்லாம் பரவின. அவன் அவ்வளவு பிரபலமாகி, கடைசியில் அவனுடைய பெயரே நரிக்கு ஆகிவிட்டது. இன்றைக்கு பிரெஞ்சில் நரி என்றால் 'ரெனார்'தான். ஒரு கதாபாத்திரம் தன் இனத்தின் பெயரையே தின்றுவிட்ட கதை இது. அந்த ரெனாரும் ஒரு காக்கையைப் பாடச் சொல்லி வாயிலிருந்த பாலாடைக்கட்டியைப் பறித்தவன்தான். ஈசாப்பிலிருந்து கிளம்பிய அதே காக்கை, அதே நரி. அங்கே பாலாடைக்கட்டி, நமக்குப் பாட்டி சுட்ட வடை. என் மகள் எந்த நரியை மனதில் வைத்துக் கேட்டாளோ, அந்தக் கார்ட்டூனை எழுதியவர்களும் ஏறக்குறைய அதே நரியைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார்கள்.

சரி, வோல்பினாவுக்கு வருகிறேன். லைலா பொய் சொல்கிறாள் என்று மாரினெட்டுக்குத் தெரியும். ஏனென்றால் மாரினெட்தான் லேடிபக். ஆட்ரியன் முன்னால் லேடிபக்காக வந்து இறங்கி, "நீ என் தோழியே இல்லை, இந்தப் பெண் பொய் சொல்கிறாள்" என்று போட்டு உடைக்கிறாள். சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் சொல்லவைத்தது பொறாமை. ஆட்ரியன் பக்கத்தில் லைலா உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவமானத்தில் அழுதுகொண்டு ஓடுகிற லைலாவைத்தான் வில்லன் பிடித்து வோல்பினா ஆக்குகிறான்.

எல்லாம் முடிந்தபின் லேடிபக் மன்னிப்புக் கேட்கிறாள். லைலா ஏற்கவில்லை. இந்த இடத்தில் நான் வீடியோவை நிறுத்திவிட்டேன். ஏன் என்று இப்போது எழுத முடியவில்லை, பிறகு பார்க்கலாம்.

ஜனவரி 7, மாலை

"வோல்பினாவும் நரிதானே, அவள் பொய்க்காரிதானே, உங்கள் கட்சி அங்கேயே உடைகிறதே" என்று இதைப் படித்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

உடையவில்லை. வோல்பினாவுக்கு நரிநகை கிடைக்கவே இல்லை. அவளுக்குச் சக்தி வந்தது வில்லனின் பட்டாம்பூச்சியிலிருந்து. உண்மையான நரிநகை பிறகு இரண்டாம் சீசனில் ஆல்யாவிடம் வருகிறது. வேலை முடிந்ததும் லேடிபக் அதைத் திருப்பிக் கேட்கிறாள். ஆல்யாவுக்கு மனசே இல்லை, தயங்குகிறாள், ஆனால் கழற்றிக் கொடுத்துவிடுகிறாள். எனக்கு இரண்டு நரிகளுக்கும் வித்தியாசம் தெரிந்தது இங்கேதான். ஒருத்தி தனக்கு இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறாள். இன்னொருத்தி கையில் இருப்பதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இருந்தது என்றுகூட யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறாள்.

ஜனவரி 9, செவ்வாய்

நரியை விட்டு, ஆப்பிரிக்கக் கதைகளில் வரும் தந்திரச் சிலந்தி அனான்சிக்கு வரச் சொன்னவருக்கு.

அனான்சியை எனக்குத் தெரியும், 'ஸ்டாட்டிக் ஷாக்' மூலமாக. 2000 முதல் 2004 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த தொடர் அது. மூன்றாவது சீசனில் அதன் நாயகன் வர்ஜில் குடும்பத்தோடு கானாவுக்குப் போவான். அங்கே அனான்சி என்ற சிலந்தி நாயகனைச் சந்திப்பான். சுவரில் ஏறுவான், தாயத்தை வைத்து மாயத்தோற்றம் காட்டுவான். வில்லன் ஓசெபோ என்ற சிறுத்தை. சொந்த ஊரில் தான் எப்போதும் 'கறுப்பினப் பையன்', இங்கே வெறும் பையன் என்று வர்ஜில் சொல்கிற இடம் மனதில் அப்படியே இருக்கிறது. தன் நிறத்தில் ஒரு நாயகனை அவன் அண்ணாந்து பார்க்கிற கதை அது.

ஆனால் கானாவின் அஷாந்தி மக்கள் சொல்கிற அனான்சி இப்படிப்பட்டவன் இல்லை. அக்கான் மொழியில் 'அனான்சே' என்றாலே சிலந்திதான். உலகத்துக் கதைகள் எல்லாம் வானக் கடவுள் நியாமேயிடம் இருந்தன. அனான்சி விலைக்குக் கேட்டான். மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிகள், ஒரு வனதேவதை, இவற்றைப் பிடித்துக்கொண்டு வா என்றார் கடவுள். அனான்சிக்கு உடம்பில் பலமில்லை, வாயில் இருந்தது. "நீ நீளமா, இந்தக் கழி நீளமா" என்று பாம்பைப் படுக்கவைத்து அப்படியே கட்டினான். குளவிக்கூட்டின்மேல் தண்ணீரைத் தெளித்து, மழை வந்துவிட்டது, சுரைக்குடுக்கைக்குள் வாருங்கள் என்றான். சிறுத்தையைக் குழி தோண்டிப் பிடித்தான். தேவதையைப் பிசின் தடவிய பொம்மையில் ஒட்டவைத்தான். அத்தனையும் ஏமாற்று வேலை. கூலியாகக் கதைகள் மனிதர்களுக்குக் கிடைத்தன.

அந்தச் சிறுத்தையின் பெயர்தான் ஓசெபோ. பழங்கதையில் ஏமாற்றப்பட்டவனைக் கார்ட்டூன் வில்லனாக்கிவிட்டது, ஏமாற்றியவனை நேர்மையான காவலனாக்கிவிட்டது. பெயர்கள் பத்திரம், தந்திரம்தான் வெளியே போய்விட்டது. சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்குக் காட்டுகிற நாயகன் குளவிகளிடம் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்கு அதில் வருத்தம் உண்டு. எளியவன் வலியவனிடம் பொய் சொல்லிப் பிழைப்பது வேறு கணக்கு. அதைக் குழந்தைகளுக்குச் சொல்லலாம், புரிந்துகொள்வார்கள்.

ஜனவரி 10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அனான்சி வலியவர்களை மட்டும்தான் ஏமாற்றுவான் என்பதுபோல எழுதிவிட்டேன். அது அரைக்கதை. உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் சேர்த்து, தனக்கு மட்டும் வேண்டும் என்று மரத்தில் ஒளித்துவைக்கப் போனவனும் அவன்தான். பானையை வயிற்றில் கட்டிக்கொண்டு ஏற முடியாமல் சறுக்கினான். "முதுகில் கட்டிக்கொண்டு ஏறுங்கள் அப்பா" என்று கீழேயிருந்து மகன் சொன்னான். இத்தனை அறிவைச் சேர்த்தும் இது எனக்குத் தோன்றவில்லையே என்ற ஆத்திரத்தில் பானை விழுந்து உடைந்தது, அறிவு ஊரெல்லாம் சிதறியது.

ஆக, அனான்சியை 'ஏழைகளின் தோழன்' என்று பூசி மெழுக நான் யார்? அவன் பேராசைக்காரன், பொய்யன், பல நேரம் தன் வீட்டாரையே ஏமாற்றுகிறவன். ஆனால் கதை அவனைச் சும்மா விடாது, அவனுடைய ஏமாற்று அவன் தலையிலேயே உடையும். இதை எழுதும்போதுதான் நான் தேடியது கிடைத்தது. பொய் சொன்னாளா இல்லையா என்று கேட்டதே போதாது. அந்த மாயத்தோற்றம் கலையும்போது அடி யார்மேல் விழுகிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

ரெனா ரூஜின் மாயம் சில நிமிடங்கள்தான். அடி எதிரிமேல் விழும். ஊருக்கு ஒன்றும் ஆகாது.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஏழாம் தேதி எழுத முடியாததை இப்போது எழுதுகிறேன்.

ஐந்தாம் வகுப்பில் எங்களோடு ஒருத்தி படித்தாள். அவள் அப்பா கப்பலில் கேப்டன் என்று சொல்வாள். கப்பல் எப்படி இருக்கும், அப்பா எந்தெந்த ஊரிலிருந்து என்ன கொண்டுவருவார் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டே இருப்பாள். நாங்கள் டிபன் பாக்ஸை மூட மறந்துபோய்க் கேட்போம். தொப்பியைப் பற்றி அவள் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வெயிலில் அதன் முன்பக்கம் கண்ணாடிபோல மின்னுமாம்.

அவள் அப்பா அவர்களை விட்டுவிட்டுப் போனவர். இது என் அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் பேசும்போது என் காதில் விழுந்தது. மூன்று மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் என் நெருங்கிய தோழி என்னை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தாள். ஒரு நாள், எல்லாரும் இருக்கும்போது, சத்தமாகச் சொன்னேன். "பொய் சொல்றா. அவ அப்பா கப்பல்லயே இல்ல, ஓடிப்போயிட்டாரு."

நான் சொன்னது உண்மை. டீச்சர்கூட என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்து கடைசி பெஞ்சுக்குப் போனாள். அடுத்த வருஷம் வேறு பள்ளி.

லேடிபக் மன்னிப்புக் கேட்ட இடத்தில் நான் ஏன் வீடியோவை நிறுத்தினேன் என்றால், ஆட்ரியன் முன்னால் வந்து இறங்கிய அந்தப் பெண் வேஷத்தில் நின்றது நான். மகள் பக்கத்தில் இருந்தாள். "ஏம்மா நிறுத்திட்டே" என்றாள். தண்ணீர் குடிக்கப் போனேன்.

ஜனவரி 17

சிலர் தேற்றியிருக்கிறீர்கள். பத்து வயசு, தெரியாமல் செய்தது என்று. தெரிந்துதான் செய்தேன். மூன்று மாதம் காத்திருந்தேன்.

ஜனவரி 20, சனி

ஊர் திரும்பியாகிவிட்டது. விட்ட இடத்துக்கு வருகிறேன்.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் நானே சொல்ல வேண்டும். நான்காம் சீசனில் மாரினெட் தாங்க முடியாமல் ஆல்யாவிடம் "நான்தான் லேடிபக்" என்று சொல்லிவிடுகிறாள். கதை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. யாரைக் கண்டுபிடிக்க ஆல்யா இத்தனை நாள் அலைந்தாளோ, அவள் பக்கத்து இருக்கையில் இருந்திருக்கிறாள். தெரிந்தபின் ஆல்யா அதைப் பிளாகில் போடவில்லை. உலகத்திலேயே பெரிய செய்தி கையில், பத்திரிகைக்காரி வாயை மூடிக்கொள்கிறாள். இது நேர்மையா, மறைப்பா? நான் நேர்மை என்பேன். ஏனென்றால் அந்த உண்மை அவளுடையது இல்லை, மாரினெட்டுடையது. என் வகுப்புத் தோழியின் அப்பாவைப் பற்றிய உண்மையும் என்னுடையதாக இருக்கவில்லை.

அப்புறம் நாய். விலங்குகளில் விசுவாசத்துக்குப் பேர்போனது. நான்காம் சீசன் முடிவில் பெலிக்ஸ் தன் அத்தை பையன் ஆட்ரியன்போல வந்து நிற்கிறான். அப்படியே உரித்துவைத்த முகம். லேடிபக் நம்பி அவனிடம் நாய்நகையைக் கொடுக்கிறாள். எறிந்த பந்தை நாய் கொண்டுவருவதுபோல அந்தச் சக்தி எதையும் கொண்டுவந்து சேர்க்கும். அதை வைத்தே அவளிடம் இருந்த நகைகளை மொத்தமாக வாரிக்கொண்டு போய் வில்லனிடம் கொடுத்துவிடுகிறான். மிகப் பெரிய துரோகம் நாய் வேஷத்தில் நடந்திருக்கிறது, நரி வேஷத்தில் இல்லை. என் மகளிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்போ மிருகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதாம்மா?" என்றாள். முடியாது கண்ணு.

(திருத்தம், அன்றே இரவு: பெலிக்ஸும் ஆட்ரியனும் அக்கா தங்கை பிள்ளைகள். அம்மாக்கள் இரட்டையர். அத்தை பையன் என்று எழுதியது தவறு, பெரியம்மா சித்தி பிள்ளைகள் என்று இருக்க வேண்டும். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. நம் வழக்கப்படி அண்ணன் தம்பியே ஆகிறார்கள், துரோகம் இன்னும் கூடுகிறது.)

ஜனவரி 28, ஞாயிறு

ஐந்தாம் சீசன் முடிவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பார்க்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகவும்.

வில்லன் யார் என்று தெரிந்துவிடுகிறது: ஆட்ரியனின் அப்பா கேப்ரியல். அவர் இறந்துபோகிறார். மாரினெட்டுக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஊருக்குச் சொல்லப்படுவது வேறு: கேப்ரியல் வில்லனை எதிர்த்து உயிர் கொடுத்த வீரர். சிலை வைக்கிறார்கள். ஆட்ரியன் அப்பாவை நினைத்துப் பெருமைப்படுகிறான். மாரினெட் அவன் பக்கத்தில் நிற்கிறாள், வாயைத் திறக்காமல்.

லைலாவின் பொய்யைப் பொறுக்காதவள், நான்கு சீசன் கழித்து ஒரு நகரத்தையே பொய்க்குள் உட்காரவைத்திருக்கிறாள். அன்பால்தான். அவனுக்கு வலிக்கக்கூடாது என்றுதான். ஆனால் இந்த மாயத்தோற்றத்துக்குச் சில நிமிடக் கெடு கிடையாது. இது என்றைக்குக் கலைந்தாலும் அடி விழப்போவது ஆட்ரியன்மேல், யாரைக் காப்பாற்ற இந்தப் பொய்யைச் சொன்னாளோ அவன்மேல்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது மதுரைக் கதை. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். அவரைக் காப்பாற்றச் சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இந்த லீலையை நடத்துகிறார்கள், சின்ன வயதில் தாத்தா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நரிகளைப் பரியாக்கியதை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு மறக்க முடியாதது அன்று ராத்திரி. குதிரைகள் மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டுக் காட்டுக்கு ஓடிவிட்டன. விடிந்ததும் தண்டனை யாருக்கு? வைகை மணலில் வெயிலில் நிறுத்தப்பட்டவர் மாணிக்கவாசகர். கடவுளே காட்டிய மாயம்தான், அன்பால் காட்டியதுதான். ஒரு ராத்திரிதான் தாங்கியது, அடி அன்புக்குரியவர்மேல் விழுந்தது. அப்புறம் வைகை பெருகி, கடவுளே கூலியாளாக வந்து பிட்டுக்கு மண் சுமந்து, முதுகில் பிரம்படி வாங்கினார். எல்லார் முதுகிலும் அந்த அடி விழுந்தது, தன் முதுகிலும் விழுந்தது.

மாரினெட்டும் ஒருநாள் வந்து நிற்க வேண்டும் என்று மனதாரக் காத்திருக்கிறேன். ஆறாவது சீசனை எழுதுகிறவர்கள் இதைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடக்கூடாது.

பிப்ரவரி 4, ஞாயிறு

அந்தக் கப்பல் கேப்டன் மகளைத் தேடிப் பிடித்தேன். பழைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தியிடம் எண் இருந்தது. என்ன எழுதுவது என்று இரண்டு நாள். கடைசியில் நடந்ததை அப்படியே எழுதினேன், பொறாமையில் சொன்னேன் என்பது உட்பட. மன்னித்துவிடு என்று கேட்டேன். லைலாவைப்போல வேண்டாம் என்று சொன்னால் அதுவும் சரி என்று இருந்தேன்.

மாலை பதில் வந்தது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன்.

யார் சொன்னது என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லையாம். கடைசி பெஞ்ச் ஞாபகம் இருக்கிறதாம். அதைவிட அதிகமாகக் கப்பல் ஞாபகம் இருக்கிறதாம். தினமும் ராத்திரி படுத்துக்கொண்டே அடுத்த நாளைக்குக் கப்பல் எந்த ஊருக்குப் போகும் என்று யோசித்து வைப்பாளாம். அன்றைக்கு அப்புறம் கப்பல் வரவே இல்லை, எவ்வளவு முயன்றும் அதன் நிறம் இப்போது நினைவுக்கு வருவதில்லை, உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருந்தாள்.

இருக்கிறது. வெள்ளைக் கப்பல், நடுவில் ஒரு சிவப்புக் கோடு, புகைபோக்கி இரண்டு. எழுதி அனுப்பினேன்.

"ஆமா, ரெண்டு" என்று உடனே பதில் வந்தது.

மகள் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். படித்துக் காட்டினேன். காகிதத்தில் கப்பல் வரைந்துகொண்டிருக்கிறாள், சிவப்பு க்ரேயான் தீர்ந்துவிட்டது என்கிறாள். கடைக்குப் போய்விட்டு வருகிறேன்.